அட்டைப்படத்தின் இடது பக்கம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. யு.பி.எஸ். புண்ணியத்தில் ஃபைல் பிழைத்தது.

அட்டை வேலை ஆரம்பம். என் முதல் பத்திரிகை அட்டை! இத்தனை வருஷமாகக் கல்யாண ஆல்பம், காதுகுத்து, கிருஹப்பிரவேசம். மூக்குத்திக்கு மினுமினுப்பு, மாப்பிள்ளைக்கு வெளுப்பு. சின்ன சினிமா பத்திரிகைதான், மைசூரில் படம் பார்க்கிற பைத்தியங்கள் மட்டும் வாங்குவது. இருந்தாலும் இன்றைக்கு உட்காரும் முன் மானிட்டரைத் துடைத்துக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை:
– ப்ரீதம் படத்து ஸ்டில்களிலிருந்து ஒன்று
– கன்னடத் தலைப்புக்கு ஃபாண்ட் (கல்யாணப் பத்திரிகை மாதிரி நெளியாதது)
– பத்திரிகை ஆசிரியர் வீணா மேடத்துக்குப் போன்
– அம்மாவின் பி.பி. மாத்திரை

ஸ்டில் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. ராமாபுரம் பஸ் ஸ்டாப், மழை விட்ட சாயங்காலம். வலது பக்கம் கதாநாயகி பவ்யா, தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறாள். இடது பக்கம், கொஞ்சம் பின்னால், சுவரோரமாக, தோளில் பச்சைத் துண்டோடு அவளுடைய மாமா. அதாவது என் அப்பா.

அப்பா நடிகர் இல்லை. பேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆனவர். ப்ரீதம் என் காலேஜ் சிநேகிதன், ஸ்டில் எடுக்க என்னைக் கூப்பிட்டான். "நம்மூருப் பக்கந்தான கண்ணு, நானும் வாரேன்" என்று அப்பா கூடவே பஸ் ஏறிவிட்டார். அவர் கைகட்டி நின்ற நிற்பைப் பார்த்து ப்ரீதம் மாமா வேஷத்தைக் கொடுத்துவிட்டான். ஒரே சீன், ஒரே வசனம். "பஸ்ஸு இனி வராது சாமி, வா ஊட்டுக்குப் போலாம்." ஷூட்டிங் முடிந்து இத்தனை மாதம் ஆகியும் குளியலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா வெளியிலிருந்து: "வராதுன்னா வராது. மொதல்ல கொழாய மூடுங்க."

ஸ்டில்லில் ஒரே குறை, அப்பா நேராகக் கேமராவைப் பார்க்கிறார். தப்பு என்னுடையது. துண்டு நழுவுகிறதே என்று "அப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டே அழுத்திவிட்டேன். மகள் கூப்பிட்டாள், திரும்பிப் பார்த்தார். நடிப்பு, கேமரா எல்லாம் மறந்து, வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்ப்பது போலவே.

மாத்திரை மறந்துபோனேன்.

ஜூலை 10, வியாழன்

இரண்டு மாதிரி தயார். ஒன்றில் வானம் அதிகம், ஒன்றில் ரோடு அதிகம். சிவப்பு எழுத்து ஒத்துவரவில்லை, டூத்பேஸ்ட் விளம்பரம் மாதிரி இருந்தது. மஞ்சள் பரவாயில்லை.

மத்தியானம் ப்ரீதம் போன். படம் நீளமாகிவிட்டதாம். கன்னடமும் தமிழும் கலந்து இழுத்து இழுத்துப் பேசினான். கடைசியில், "சாரி கணே. அங்கிள் சீன் முழுசா போயித்து. எனக்கே பேஜாரு. அட்டைல இருக்காரல்லா, அது போதும் பிடு."

போதுமா? அவனுக்கு என்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அட்டை அச்சாகி வரட்டும். அதைக் கையில் கொடுத்துவிட்டு, கூடவே சீன் போன கதையையும் சொன்னால் அவ்வளவாக வலிக்காது. நல்ல யோசனை என்றுதான் தோன்றுகிறது.

ஜூலை 11, வெள்ளி

ஆஷாட வெள்ளி, இங்கே அம்மனுக்கு விசேஷம். அம்மா பக்கத்து வீட்டுக் கும்பலோடு விடியும் முன்பே மலைக் கோயிலுக்குப் போய்விட்டாள். டிபனுக்கு சிவண்ணா ஹோட்டலில் இட்லி பார்சல்.

உள்ளே அப்பா. தினமும் அங்கேதான், அதே மூலை டேபிள், அதே நாலு பேர். பாதிப் பேச்சு கன்னடம், பாதி தமிழ், யாருக்கும் அதனால் கஷ்டமில்லை. நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. கதை அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரம் பாருங்க. புஸ்தகத்து அட்டையிலயே. அந்தப் பொண்ணு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

சிவண்ணா கல்லாவிலிருந்து சத்தமாக, "ஹீரோ சாருக்கு ஒந்து ஸ்பெஷல் காபி! இன்னிக்கி ஹோட்டல் கணக்கு!"

அப்பா தலையைக் குனிந்து சிரித்தார். நான் டிகிரி வாங்கின அன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

ஜூலை 14, திங்கள்

வீணா மேடம் வீடு. மழைக்கு ஸ்கூட்டர் பிளக் ஈரமாகி ஜெயலக்ஷ்மிபுரம் வரை தள்ளாத குறை. நனைந்த கோழியாகப் போய் நின்றேன். நல்ல காபி கொடுத்தார்.

மாதிரிகளை மேஜையில் பரப்பி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, வெகுநேரம் பார்த்தார். மஞ்சள் எழுத்து பிடித்தது. பவ்யா பிடித்தது. பிறகு அப்பாமேல் விரலை வைத்தார்.

"இது யாரும்மா? நேரா நம்மளையே பாக்கறாரே. கண்ணு அவர்கிட்டயே போறது. பொண்ணு தனியா இருந்தாத்தான் அட்டை. யாரு, நடிகரா?"

நான் சொன்னது: "இல்ல மேடம். ஊர்க்காரர் ஒருத்தர்."

எப்படி வந்தது அந்த வார்த்தை? யோசிக்கவே இல்லை. பெற்ற அப்பாவை அட்டையில் நுழைக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். கல்யாண ஆல்பக்காரி புத்தி என்று நினைப்பார்களோ என்ற பயம். அடுத்த இதழும் எனக்கே வரவேண்டுமே என்ற ஆசையும்தான், எதற்கு மறைக்க?

"அப்ப எடுத்துடு. சுத்தமா இருக்கும்."

"சரி மேடம்." அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஜூலை 15, செவ்வாய்

எடுத்துவிட்டேன்.

முதலில் துண்டு. பிறகு சட்டை, கை, முகம். சுவரின் பாசி படிந்த பகுதியைப் பக்கத்திலிருந்து நகல் எடுத்து எடுத்து அவர் நின்ற இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. சுவர் நன்றாகவே வந்தது. எல்லாம் முடிந்து தள்ளி உட்கார்ந்து பார்த்தால் ஆள் இல்லை, ஆனால் ரோட்டில் தேங்கின தண்ணீரில் அவர் தலைகீழாக நிற்கிறார். அதையும் அழித்தேன். அதற்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.

அழித்த பிறகு அட்டை நன்றாக இருந்தது. முன்னைவிட நன்றாக. அதுதான் வயிற்றெரிச்சல்.

நடுவில் அப்பா டீ கொண்டுவந்தார். சட்டென்று வேறு ஃபைலை மேலே இழுத்துவிட்டேன். யாருடையதோ சீமந்தம்.

"முடிஞ்சுதா கண்ணு?"

"முடிஞ்சுதுப்பா."

"என்ற மொகம் கருப்பா வந்திருக்கும். மாப்பிள்ளைகளுக்குப் பண்ணுவயே, அந்த மாதிரி கொஞ்சம் வெளுப்பாக்கீரு."

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. இப்படியே நல்லா இருக்கு."

டீயில் சர்க்கரை கூட. குடித்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

மழை இல்லை. பத்திரிகை வந்துவிட்டது. பிரஸ்ஸில் போய் நானே என் பிரதிகளை வாங்கினேன். உள் பக்கத்தில் பொடி எழுத்தில் 'அட்டை வடிவமைப்பு' என்று என் பெயர். தொட்டுப் பார்த்தேன். மை வாசனை. சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய்.

அப்பா காலையிலேயே கேட்டிருந்தார், இன்றைக்கா வருகிறது என்று. சிவண்ணா ஹோட்டலில் எல்லாரும் கேட்கிறார்களாம்.

வெறுங்கையோடு எப்படிப் போவது? பென் டிரைவில் பழைய ஃபைல் இருந்தது, அப்பா உள்ள ஃபைல். டிஜிட்டல் மிஷினில் அதே தாளில் ஒரே ஒரு அட்டை போட்டுத்தரச் சொன்னேன். ஒரு பிரதியின் பின்னைப் பிரித்து, அட்டையை மாற்றி, திரும்ப அடித்தேன். ஓரம் வெட்டினதும் வித்தியாசமே தெரியவில்லை. ஆல்பக்காரி புத்தி என்றால் இதுதான்.

ஒரு பொய்யை மூட இன்னொன்று என்று அப்போதே தெரியும். யார் பார்க்கப் போகிறார்கள், நாலு கிழங்கள்தானே என்று நினைத்தேன்.

ஜூலை 23, புதன்

கொடுத்தேன்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, "அன்னிக்கு ஷேவ் பண்ணீட்டுப் போயிருக்கோணும்."

அம்மா எட்டிப் பார்த்து, "மொறைக்கறதப் பாரு. பாவம் அந்தப் பொண்ணு." ஆனால் அடுப்பிலிருந்த பாலை மறந்துவிட்டாள். பொங்கிவிட்டது.

"இன்னும் நாலு குடு கண்ணு. ராமாபுரத்துக்கு ரெண்டு அனுப்போணும்."

"தீந்துபோச்சுப்பா."

"அத்தனையும் வித்துருச்சா!" என்று வாயைப் பிளந்தார்.

சீன் போன விஷயத்தை இன்றைக்குச் சொல்வதாகத்தானே இருந்தேன்? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை. நாளைக்கு.

ஜூலை 26, சனி

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இன்றைக்கு எல்லாம் சேர்ந்து வந்தது.

அப்பா குடை எடுக்காமல் போய்விட்டார், நல்ல மழை. கூட்டிவரப் போனேன். ஹோட்டல் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே குரல்கள் வித்தியாசமாக இருந்தன. உள்ளே போகவில்லை, பிளாஸ்டிக் தட்டிக்கு வெளியிலேயே நின்றேன்.

சிவண்ணாவின் மகள் காலேஜில் ப்ரீதம் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அங்கேயே பத்திரிகையும் விற்றிருக்கிறார்கள். அவள் ஒன்று வாங்கிவந்திருக்கிறாள். மூலை டேபிளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் அப்பா, ஒன்றில் சுவர்.

ஒருவர் அப்பாவிடம் சொன்னார், "படத்துலயும் இல்லையாமே, பெருமாளு? சிவண்ணா பொண்ணு முழுசாப் பாத்துட்டுத்தான் வந்திருக்கா."

இன்னொருவர், "மக கம்ப்யூட்டர்ல போட்டோ கெலசா தான பண்ணுது. அப்பன் ஆசப்பட்டான்னு போட்டுக் குடுத்திருக்கும்."

சிரிப்பு. மோசமான சிரிப்பு இல்லை, சிநேகிதர்கள் சிரிப்புதான். சிவண்ணா, "சும்னிரப்பா, பிடு" என்று அடக்கினார்.

அப்பா இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போயிருக்க வேண்டும். நாலு எட்டு. "அவர் நின்றார், நான்தான் அழித்தேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு மழையில் நின்றேன். யாருமே பேசாத போனுக்கு "ஹான், ஹான்" என்று வேறு.

அவராகவே வெளியில் வந்தார். பத்திரிகையைப் பனியனுக்குள் செருகி, நனையாமல் கையை மேலே வைத்துக்கொண்டு ஏறினார்.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா ஹோட்டலுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்றார். நன்றாகத்தான் சாப்பிட்டார்.

வீணா மேடம் மெசேஜ். அட்டையை எல்லாரும் பாராட்டுகிறார்களாம். அடுத்த இதழும் நான்தானாம். பதில் போடவில்லை.

குளியலறையில் வசனம் கேட்கவில்லை. அம்மாவும் கவனித்திருக்க வேண்டும். "என்னடி, ரெண்டு பேரும் இப்படி இருக்கீங்க?" என்றாள். தலைவலி என்றேன்.

ஜூலை 28, திங்கள்

வெயில். துணியெல்லாம் மொட்டைமாடியில்.

காலையில் கூட்டம் சேரும் முன்பே சிவண்ணா ஹோட்டலுக்குப் போனேன், தனியாக. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் சொன்னது, நான் ஊர்க்காரர் என்று சொன்னது, அழித்தது, சீன் போனது. போனில் அசல் போட்டோவைக் காட்டினேன். முன்னும் பின்னும் எடுத்த மற்ற போட்டோக்களையும் காட்டலாம் என்றால், ஹார்ட் டிஸ்க்கில் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு இடம் போதாமல் அவற்றை அழித்தது நானேதான். அப்பா இருப்பதில் மிஞ்சியது இந்த ஒன்று.

சிவண்ணா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார்.

"ஒள்ளே மகளம்மா நீனு, நல்ல மக. அப்பன் மானத்துக்காகப் பழிய உன்மேல போட்டுக்கறே."

"இல்ல அங்கிள், நிஜமாவே..."

"பிடம்மா. எங்கப்பன் செத்து எத்தனை வருஷம்? நம்ம கிருஹப்பிரவேஷ போட்டோல என் பக்கத்துல நிக்க வெச்சுக் குடுத்தியே. செருப்பு, நெழல் எல்லாம் கரெக்டா. பாத்தவங்க அழுதாங்க. உனக்கு இது ஒரு கெலசாவா? நாங்க யாரும் பெருமாளுவ ஒண்ணும் சொல்லமாட்டோம். காபிக்கு வரச் சொல்லு."

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இத்தனை அன்பாக நம்பாமல் போனால் என்ன செய்வது? மேலே சொல்லச் சொல்ல இன்னும் நல்ல மகளாகத்தான் ஆகிக்கொண்டிருந்தேன். காபி குடிக்கச் சொன்னார். குடிக்காமல் வந்தேன்.

வீட்டில் அம்மா மாடியில், துணிக்காக. அப்பா ஜன்னலோரம் நாற்காலியில், மடியில் பத்திரிகை. கண்ணாடியைக் கழற்றி அட்டைக்கு மேலே பூதக்கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு, படத்தில் தன் கால் தரையில் படுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடமும் சொல்லிவிடுவது என்று எதிரில் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. ஞாபகம் வராத ஒரு விலாசத்தைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஏங்கண்ணு, நீ போட்டோ எடுத்தப்ப நெசமாலுமே நான் அங்க நின்னுட்டுத்தான இருந்தேன்?"