இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஈவாஞ்சலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், பின்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உடம்பளவில் என்று வேண்டுமென்றுதான் எழுதினேன். போனில் பேசினால் நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். மழை நின்றுவிட்டது, மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று, உன் கட்டுரைக்குப் பரிசு கிடைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பெனிஸ்டனுக்கும் ஜெனிலாவுக்கும் போன மாதம் நிச்சயம் ஆனது. அவள் வீட்டார் வேறு சாதி, ஒரே சபையில் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுத்தாலும் பெண் கொடுப்பது என்று வந்தால் வேறுதான், இரண்டு வருஷம் நடையாய் நடந்து அவள் அப்பாவிடம் சம்மதம் வாங்கினான். மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் முதல் ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று குருவானவர் கேட்டபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம்தான் ஜெனிலாவின் அண்ணன் ஜாய்சன் கையில் உன் கட்டுரை கிடைத்தது. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை, நிறுத்திவைக்கும்படி அவள் அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார்.

பெயரை மாற்றித்தானே எழுதினேன் என்பாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், பாடகர் குழுவில் பாஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிறவன், வலது கையில் ஆறு விரலோடு போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவன் என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? இவ்வளவு படித்தவளுக்கு அது தோன்றவில்லையா? சாதிப் பெயரில் டீம் வைத்தது, சாதிக் கட்சிக் கொடியை டீமுக்கு அடையாளமாகப் போட்டது, எதிர் டீமில் இருந்த ஜெனிலாவின் சாதி ஆட்களை மைக்கில் கேவலமாகப் பேசியது, எல்லாம் அவனே சொன்னதுதான், நான் மறுக்கவில்லை. வீடியோ கேமுக்குள் சாதி அரசியல் எப்படி வளர்கிறது என்று நீ உலகத்துக்குச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் கட்டுரைக்காக நீ கேள்வி கேட்ட அன்று அவன் தயங்கினபோது, சும்மா சொல்லுலே, நம்ம ஈவாதான கேக்கா என்று தோளில் தட்டிப் பேச வைத்தவன் நான். அவன் மீதியையும் சொன்னான், நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எதிர் டீம்ல ஒருத்தன் அழுதுட்டான் மாமா, அன்னைக்கே டீமைக் கலைச்சிட்டேன், மறுநா அவனத் தேடிப் புடிச்சு மன்னிப்பு கேட்டேன் என்றான். உன் கட்டுரையில் அது எங்கே? பாதிச் சரக்கை இறக்கிவிட்டு முழுசும் வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டால் துறைமுகத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. முப்பது வருஷம் நான் அங்கே அப்படி ஒரு கையெழுத்துப் போட்டதில்லை.

ஜெனிலா வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான், அப்ப ஒம்ம மவ எழுதுனது பொய்யா, வே என்று. பொய்யில்லை என்றேன். அவள் முழுசாக எழுதவில்லை என்று அடுத்து சொல்லியிருக்க வேண்டும், உன் பெயர் கெட்டுவிடுமே என்று வாய் வரவில்லை. பெனிஸ்டன் தெருமுனையில் பைக்கில் காத்துக்கொண்டிருந்தான். என்ன மாமா சொன்னாவ என்று கேட்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அவன் பேசினதை நீ பதிவு செய்தாயே, அதை முழுசாக அவனுக்கு அனுப்பு. மீதியை விட்டது என் தப்பு என்று ஜெனிலா வீட்டுக்கு உன் கையெழுத்தோடு எழுது. சனிக்கிழமைக்குள் இரண்டும் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும் நேரம் நான் எழுந்து நிற்பேன். என் மகள் பாதியை மறைத்தாள், தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சபைக்கு முன்னால் சொல்லுவேன். அம்மா அழுகிறாள், அழட்டும்.

கர்த்தர் உன்னைக் காத்து உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக, அந்த வேலையில் உனக்கு நேர்மையையும் தருவாராக. வெயில் இல்லாத ஊர், வைட்டமின் மாத்திரையை மறக்காதே. சனிக்கிழமை வரை போனைக் கையை விட்டுக் கீழே வைக்கமாட்டேன், எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
எஸ்றா