ஏழு நாள் முன்பதிவு

அன்பு மகளுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் விமானப் பாஸ் உனக்குத் தெரியும். வருடத்துக்குப் பத்துப் பயணம், ஒரே விலை, முன்பணம். ஏழு நாள் முன்பே பதிய வேண்டும்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து உன் அம்மா போனில், "முடிஞ்சா ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. "அடுத்த வியாழக்கிழமை வந்துடுறேன்" என்றேன். "சரி, அவசரமில்ல" என்றாள்.

ஐந்தாம் நாள் நீ கூப்பிட்டாய்.

"வேற டிக்கெட்டே கிடைக்கலையாப்பா?" என்று சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டாய். கிடைக்கவில்லை என்று தலையாட்டினேன்.

அம்மா கூப்பிட்டதற்கு மறுநாள் விமானத்திலேயே இடம் இருந்தது, தனியாகக் காசு கொடுத்தால். அதைப் பார்த்துவிட்டுத்தான் வியாழக்கிழமைக்குப் பாஸில் பதிந்தேன்.

இன்னும் இரண்டு பயணம் மீதி. அதைத் தொட மாட்டேன். என்னைப் பார்க்கத் தோன்றினால் கூப்பிடு. ஏழு நாள் முன்பே சொல்ல வேண்டியதில்லை.

அப்பா