எல்லை தாண்டாத ஆளுநர்

ஆளுநர் மாளிகை,
1911, மே 14.

அன்பு மகள் லெனோராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் உடம்பு தேறிவிட்டதா, குழந்தை ரோவெனாவுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுது.

"அப்பா முதலில் என் வாசலுக்கு வரட்டும், அதுவரை அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயம்தான். பேத்தி பிறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற மகளைப் பார்க்க நேரமில்லை என்றால் யார் நம்புவார்கள்? எதிர்க்கட்சிப் பத்திரிகைக்காரர் எல்மரை நீ கட்டிக்கொண்ட கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் எனக்கு ஒரு குறுகுறுப்பு. ஏப்ரல் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் உன் அப்பா தானே வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கேட்டால், "சும்மா காத்து வாங்கத்தான்" என்கிறார். இருபது வருடம் மாட்டு வைத்தியராகக் கொட்டில் கொட்டிலாக அலைந்த மனிதருக்கு இப்போது என்ன காற்று? போன ஞாயிறு பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். சிரிக்காதே.

ஆற்றுப் பாலத்தில் நின்றார். கையில் நில அளவை வரைபடம். தலையைக் குனிந்துகொண்டு ஒன்று, இரண்டு என்று அடி எண்ணி நடக்கிறார். ஓரிடத்தில் சட்டென்று நின்று ஓர் அடி பின்வாங்கினார். "என்னங்க இது கூத்து?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார்.

அந்தப் பாலத்தின் நடுவில்தான் மாநில எல்லை. ஆளுநர் அதைத் தாண்டிய நிமிடமே, அவர் திரும்பும் வரை துணை ஆளுநர் பிலார்டுதான் ஆளுநர் என்பது உனக்கும் தெரியும். போன வருடம் அப்பா அக்கரைச் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போனாரே, அந்த மூன்று மணி நேரத்தில் பிலார்டு தன் ஆட்கள் இருவருக்கு மன்னிப்பு எழுதிச் சிறையிலிருந்து விட்டுவிட்டாராம். இப்போது உள்ளே இருப்பவர் பிலார்டின் மைத்துனர், சட்டை ஆலை முதலாளி. கதவைப் பூட்டிவைத்து ஏழு பெண்களைத் தீயில் சாகவிட்டவர். "நான் அந்தப் பக்கம் கால வச்சா அவன் வெளிய வந்துடுவான். அந்தப் பொண்ணுங்களோட அம்மாக்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

இதை மகளுக்கு ஒரு வரி எழுதினால் என்ன என்று கேட்டேன். "மாப்பிள்ளை மறுநாளே பேப்பர்ல போட்டுடுவாரு. துணை ஆளுநருக்குப் பயந்து கெடக்கான்னு ஊரே சிரிக்கும்" என்றார். ஊர் சிரிக்கும் என்று மகளை அழவிட்டீர்களா என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, "கொழந்தைக்கு யாரு மூக்கு?" என்று கேட்டார். மூக்கு எல்மருடையது, பிடிவாதம் உங்களுடையது என்றேன். எனக்கே அழுகை வந்துவிட்டது.

பதவிக் காலம் முடிய இன்னும் இருபது மாதம் இருக்கிறது. அதற்குள் ரோவெனா ஓடவே தொடங்கிவிடுவாள். எவ்வளவு தூரம் வரை போகலாம் என்று பார்க்கத்தான் அடி எண்ணினாராம். வரும் ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடைசி அடியில் நிற்பார். நீ உன் பக்கத்திலிருந்து வா. நீயும் இங்கே கால் வைக்க வேண்டாம், அவரும் தாண்ட வேண்டாம். கை மட்டும் எல்லைக்கு அப்பால் போனால் சட்டப்படி ஆளுநர் தாண்டியதாக ஆகாதாம். அதையும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவைத்திருக்கிறார். எல்மரும் வரட்டும், பென்சிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்.

பாலத்தில் காற்று அதிகம், குழந்தைக்குக் குல்லாய் போட்டுத் தூக்கி வா. கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. அப்பா கையை நீட்டிக்கொண்டு நிற்பார், மகளே. வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடாதே.

உன் அம்மா,
கார்டீலியா