ஆடுகள் குடியேறிய தெரு

எர்ரகூடம்,
நைஜாம் சீமை,
1911 ஜனவரி 23.

பிரியமுள்ள சாலோமிக்கும், இந்தக் கடிதத்தை முதலில் பிரிக்கும் மாமாவுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் மாமிக்கும் பாக்கியசீலன் எழுதுவது.

ரயிலில் நான்கு நாள், மாட்டு வண்டியில் ஒரு நாள், கடைசியில் நடை. கர்த்தருடைய கிருபையால் ஆறு பேரும் முழுசாக வந்து சேர்ந்தோம். போன கோடையில் இந்த ஊரில் பன்னிரண்டு குடிசைகள் எரிந்துபோயின. அவற்றுக்குப் பதிலாகப் பன்னிரண்டு மண்வீடு கட்டிக்கொடுக்கத்தான் நம் சபையார் எங்களை அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர் உபாத்திமார், ஒருவர் தபாலாபீஸ் குமாஸ்தா. சுவர் வைக்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை என்பது பெஜவாடா தாண்டிய பிறகுதான் ஒருவருக்கொருவர் தெரிந்தது.

இங்கே சோற்றுக்குப் புளிச்சக்கீரையும் மிளகாயும் அரைத்த துவையல். முதல் கவளத்திலேயே என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் பக்தியில் உருகுகிறேன் என்று எண்ணி இன்னொரு உருண்டை வைத்தார்கள்.

முந்தாநாள் மனை அளந்தோம். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த கயிற்றைப் பிடித்து, நம் கோவில் தெருவைப் போலவே இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, எல்லா வாசலும் தெருவைப் பார்த்து. ஊரார் வாயடைத்து நின்று பார்த்தார்கள்.

நம் வீட்டு வேலை தொடங்கியாயிற்றா? திருநெல்வேலி ஸ்டேஷனில் உன் கையில் கொடுத்த படம் மூன்று வாரம் உட்கார்ந்து நான் வரைந்தது. காசிலிங்கம் கொத்தனார் அதில் ஒரு விரல்கடை மாற்றாமல் பார்த்துக்கொள். கல்யாணத்தைப் பற்றி மாமா உன்னிடம் கேட்டதற்கு, "அத்தான் திரும்பி வரட்டும், சொல்லுதேன்" என்றாயாம். ஈஸ்டருக்குள் வந்துவிடுவேன். வீடும் பதிலும் தயாராக இருக்கட்டும்.

உன் அத்தை மகன்,
பாக்கியசீலன்


பாளையங்கோட்டை,
1911 பிப்ரவரி 4.

அன்புள்ள அத்தானுக்கு,

சாலோமியின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். தங்கள் கடிதத்தை அப்பா கூடத்தில் நின்று பிரசங்கம் போல வாசித்தார்கள். "பதிலும் தயாராக இருக்கட்டும்" என்ற வரியை இரண்டு தரம் வாசித்தார்கள். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவது போல் குனிந்துகொண்டேன். நோட்டு தலைகீழாக இருந்ததை அம்மா பார்த்துவிட்டார்கள்.

கடைக்கால் தோண்டியாயிற்று. காசிலிங்கம் தங்கள் படத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, சுற்றிச் சுற்றி வந்தார். வாசலையொட்டித் தங்கள் எழுத்து அறை. அடுத்து, தங்களைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரக் கூடம். அதற்கும் அடுத்து, தங்கள் புத்தகங்களுக்கு ஒரு அறை. அடுப்படி மட்டும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, சன்னல் இல்லாமல் நிற்கிறது.

"ஏம்மா, ஐயா பொஸ்தகம் வைக்க இம்புட்டு எடம் போட்டிருக்காவ, பானை வைக்க எடம் போடலையே! பொஸ்தகத்தை அவிச்சுத் தின்னுவாவளோ?" என்று கேட்டார். தாங்கள் வந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

தாங்கள் எழுதியதில் ஒன்று புரியவில்லை. ஊரார் வாயடைத்து நின்றார்கள் என்றீர்கள். வாயடைத்து நிற்பவர்களிடம் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டீர்களா? அந்த ஊர்ப் பெண்கள் எங்கே சமைக்கிறார்கள்?

கைக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டாலும் கொப்புளம் இருக்கும் என்று தெரியும். இந்தத் தரம் எழுத்து கோணிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
மாமா மகள் சாலோமி


எர்ரகூடம்,
1911 மார்ச் 2.

பிரியமுள்ள சாலோமிக்கு,

கொப்புளம் இப்போது காய்ப்பாகிவிட்டது. மாமியிடம் சொல், அவர்கள் பெருமைப்படுவார்கள்.

ஏழு வீடு முடிந்தது! இதில் ஒரு ரகசியம் உண்டு. நாங்கள் வைக்கும் சுவர் சாயங்காலத்துக்குள் கர்ப்பிணி போல வயிறு தள்ளிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடித்து வந்து பார்த்தால் நிமிர்ந்து நிற்கும். வெயிலில் மண் இறுகி நிமிர்கிறது என்று தபாலாபீஸ்காரர் விளக்கினார். போன வாரம்தான் உண்மை தெரிந்தது. நாங்கள் கண்ணை மூடி ஜெபிக்கும் நேரத்தில் ஊரார் எங்கள் சுவரைப் பிரித்து, மறுபடி ஒழுங்காக வைத்துவிடுகிறார்கள். அதனால் இப்போது ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறோம்.

தெரு அழகாக வந்திருக்கிறது. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியும். முடிந்த வீடுகளில் குடியேறவும் தொடங்கிவிட்டார்கள். முதலில் ஆடுகள் வந்திருக்கின்றன. இரண்டு வீட்டில் மிளகாய் காய்கிறது. மனிதர்கள் ஏதோ நல்ல நாளுக்குக் காத்திருக்கிறார்கள் போலும். இன்னும் பழைய இடத்தில் ஓலையைச் சாய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெண்கள் எங்கே சமைக்கிறார்கள் என்று கேட்டாய். நான் கவனிக்கவில்லை. சோறு வருகிறது, சாப்பிடுகிறேன். நம் அடுப்படிக்குச் சன்னல் வைக்காதது புகை தெருவில் தெரியக்கூடாது என்பதற்காக. காசிலிங்கத்திடம் சொல், நான் யோசிக்காமல் எதையும் வரைவதில்லை.

அன்புடன்,
பாக்கியசீலன்


பாளையங்கோட்டை,
1911 மார்ச் 12.

அன்புள்ள அத்தானுக்கு,

ஆடுகள் குடியேறிய செய்தி கேட்டு எல்லோரும் மகிழ்ந்தோம். அம்மா மட்டும், "ஏட்டி, அங்கன ஆட்டுக்கு வீடு கட்டுதான், இங்கன ஒன் வீட்டுச் சுவர்ல கோழி ஏறி நிக்கி. மனுசருக்கு எப்பக் கட்டுவானாம்?" என்கிறார்கள். கோழி நிற்பது மெய்தான். சுவர் இடுப்பளவில் நிற்கிறது. செங்கல் வரவில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். செங்கல் வந்து பன்னிரண்டு நாளாயிற்று. மேலே கட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். (இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன்.)

இன்னொரு செய்தி. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தேவசிகாமணி என்பவர் தம் தகப்பனாரோடு வந்திருந்தார். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. இரண்டு தார் வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். வீடு தயாராக இருக்கிறதாம், பதினோரு சன்னலாம். அப்பா மறு வாரமே போய் எண்ணிவிட்டு வந்தார்கள். அவரிடம், "எந்தச் சன்னலோரம் உட்கார்ந்து வாசிப்பீர்கள்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எங்க அம்மா சொல்லுவாவ" என்றார். நல்ல மனிதர். ஈஸ்டர் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். "பாக்கியசீலனுக்கா, அவுகளுக்கா? அண்ணைக்கு வாயத் தொறந்து சொல்லிரணும்" என்று அப்பா சொல்லிவிட்டார்கள்.

அத்தான், நல்ல நாளுக்குக் காத்திருக்கிறவர்கள் மிளகாயை உள்ளே காயவைக்க மாட்டார்கள். ஒரு நாள் அந்தக் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, பெண்களில் யாராவது ஒருவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: "உங்களுக்கு எங்கே உட்கார்ந்தால் சுகம்?"

சாலோமி


எர்ரகூடம்,
1911 ஏப்ரல் 8.

பிரியமுள்ள சாலோமிக்கு,

கேட்டேன்.

கேட்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. பெண்களிடம் என்ன பேசுவது என்று கூச்சம். கடைசியில் எங்களுக்குச் சோறு கொண்டுவரும் மல்லம்மாளிடம், இங்கே வந்து கற்ற அரைகுறைத் தெலுங்கில், உன் கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் முக்காட்டை வாயில் வைத்துச் சிரித்தார். பிறகு மற்றப் பெண்களைக் கூப்பிட்டார், அவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்துச் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அய்யா, வரிசையா வச்சா என் வாசல்ல இருந்து தெருதான் தெரியுது. முன்ன நாங்க வட்டமாத்தான் இருந்தோம். எல்லா வாசலும் நடுவப் பார்த்து, அடுப்பெல்லாம் நடுவுல. காய்ச்சல்ல படுத்திருக்கவ ஒருத்தி போதும், பன்னெண்டு வீட்டுப் பிள்ளையையும் பார்த்துக்கிடுவா. மத்தவ களையெடுக்கப் போயிரலாம். இந்தத் தெருவுல பிள்ளைய விட்டுட்டு நான் எப்படிப் போக?"

"முதல்லயே ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கலையே. எவ்வளவு தூரத்துல இருந்து வந்து, கையெல்லாம் புண்ணா நிக்கீங்க. காலியாக் கிடந்தா மனசு நோவுமேன்னுதான் ஆட்டைக் கட்டினோம்."

பிறகு என் கயிற்றை வாங்கி, மண்ணில் வட்டமாகப் போட்டார்.

இதுவரை கட்டிய வீடு எல்லாவற்றையும் பிரிக்கிறோம். இந்தத் தரம் சுவர் வைப்பது அவர்கள். மண் சுமப்பது நாங்கள். சுவர் வயிறு தள்ளுவதில்லை. ஆடுகளுக்குத்தான் எங்கள்மேல் வருத்தம். ஆனால் வேலை முடிய வைகாசி ஆகிவிடும். ஈஸ்டருக்கு நான் வரமாட்டேன்.

சாலோமி, மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த படத்தில் உனக்கு என்று நான் ஒரு கோடும் போடவில்லை. கோழி நிற்கும் சுவரை நினைத்து நினைத்துத்தான் அது எனக்குப் புரிந்தது. தேவசிகாமணிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல். அதைத் தடுக்க எனக்கு நியாயம் இல்லை. அதற்கு முன் இதற்கு மட்டும் பதில் எழுது.

உனக்கு எங்கே உட்கார்ந்தால் சுகம்?

பாக்கியசீலன்


பாளையங்கோட்டை,
1911 ஏப்ரல் 18.

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அப்பா வழக்கம் போலச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார்கள். மல்லம்மாள் சொன்ன இடத்தில் அம்மா, "புத்தியுள்ளவ" என்றார்கள். கடைசிப் பாராவுக்கு வந்ததும் அப்பாவின் குரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். பிறகு கடிதத்தை மடித்து, "மிச்சம் ஒனக்குள்ளது" என்று என்னிடம் நீட்டினார்கள். என் பெயருக்கு வந்த கடிதம் ஒன்றை அப்பா முழுதும் வாசிக்காமல் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

கேட்டதற்குப் பதில். ஆறு வருஷமாக நான் வாசிப்பது நெல் போட்டு வைக்கும் அறையில், மூட்டைகளுக்கு நடுவில். ஓடு விலகிய இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் விழும். வெளிச்சம் நகர நகர நானும் மூட்டையோடு நகர்வேன். சுகம் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த வீட்டில் "என்னட்டி படிக்கே?" என்று யாரும் கேட்காத இடம் அது ஒன்றுதான். எலி மட்டும் வரும். அது கேட்பதில்லை.

நேற்று ஈஸ்டர் திங்கட்கிழமை. ஸ்ரீவைகுண்டத்தார்க்கு என்ன சொல்ல என்று அப்பா கேட்டார்கள். "பதினோரு சன்னலும் அவுக அம்மாவுக்கே இருக்கட்டும்" என்றேன். வாழைப்பழம் தின்று தீர்ந்த பிறகு சொன்னதுதான் அம்மாவுக்குச் சங்கடம்.

காலையில் காசிலிங்கம் வந்தார். கோழியை விரட்டினோம். "படம் எங்கம்மா?" என்றார். மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொல்லி, ஒரு குச்சியால் தரையில் கீறிக் காட்டினேன். தங்கள் எழுத்து அறை அப்படியே இருக்கிறது. அடுப்படிக்கு இரண்டு சன்னல். புகை தெருவில் தெரிந்தால் சோறு வேகிறது என்று ஊருக்குத் தெரியட்டும். புத்தக அறையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு ஆள் உட்காரும் அளவு, கிழக்கே ஒரு சன்னல், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்.

"உள்பக்கமா? அப்ப ஐயா வந்தா?" என்று காசிலிங்கம் கேட்டார்.

தட்டினால் திறப்பேன். அத்தியாயம் முடிகிற வரை வெளியில் நிற்க வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதமானால் வைகாசியில் வாருங்கள்.

தங்கள்,
சாலோமி

பி.கு.: வரும்போது அந்தக் கயிற்றைக் கொண்டுவர வேண்டாம். மல்லம்மாளிடமே கொடுத்துவிடுங்கள். வீடு போன ஆடுகளைக் கட்ட உதவும்.