புல் முடிச்சு

நவம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேட்கத்தான் ஆசை, கோபம் முந்திக்குது. போன் பண்ணா நீ எடுக்கிறதில்ல. ரேஞ்சர் ஐயா வேலையா இருக்கார்னு உன் டிரைவர் சொல்றார். கடுதாசியையாவது பிரிச்சுப் பார்ப்பேன்னு எழுதுறேன்.

உன் அத்தானையும் இன்னும் மூணு பேரையும் உன் ஆளுங்க கூடையோட பிடிச்சுட்டாங்க. ஓய்வு மரத்துல நெல்லிக்காய் பறிச்சாங்களாம். காட்டுல நாங்க பறிக்கலாம், ஆனா மானுக்கும் விதைக்கும்னு வருஷா வருஷம் சில மரத்தை விட்டு வைக்கணும், மீறினா ஊருக்கே அனுமதி ரத்து. அந்த ஒப்பந்தத்தை எழுதினவனே நீதானே! மரத்தைத் தேர்ந்து புல் முடிச்சு கட்டுறது பொம்பளைங்க வேலை. எந்த மரம்னு பறிக்கிறவங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. விட்டா ஆளாளுக்கு வந்து கெஞ்சுவாங்க. முடிச்சைப் பார்த்துத்தான் அவங்க விலகணும். அந்த மரத்துல முடிச்சே இல்லடா. என் கையால கட்டினேன். எங்க போச்சு?

அக்கா

நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முட்டிவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்த்துக்கொள், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

நீங்கள் கட்டியதும் கொடுத்த ஓய்வு மரங்களின் எண்கள் ஆபீஸில் இருக்கின்றன. அத்தான் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டால் நாளைக்கு என்னை யார் மதிப்பார்கள்? உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். மேலிடத்தில் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். முடிச்சைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதே.

தம்பி

நவம்பர் 15

தம்பி,

தைலம் வந்தது. மூடியைத் திறக்கல.

கேட்காதேன்னா கேட்காம இருப்பேனா? உன் துப்புரவு ஆளு ஒருத்தர் டீக்கடையில தானாவே சொல்லிட்டார். பெரிய அதிகாரி வர்றார்னு காட்டைச் சுத்தம் பண்ணச் சொன்னியாம். பிளாஸ்டிக் பையோட, மரத்துல கட்டின புல்லையும் அறுத்துப் போடச் சொன்னியாம். அட கடவுளே! காட்டுக்குள்ள புல்லு குப்பையாடா? வேலியே பயிரை மேஞ்ச கதைதான்.

அவசரத்துல அது எங்க முடிச்சுன்னு யோசிக்கல, வேணும்னு செய்யல, தெரியும். உண்மையை எழுதினா பதவி உயர்வு போயிடும்னு பயப்படுறே, அதுவும் தெரியும். எழுதலேன்னா நாற்பது வீட்டுல அடுப்பு எரியாது. எங்களை வெளியே தள்ளிட்டா அந்த மரங்களுக்கு எவன் வந்து முடிச்சு போடுவான்? இனி நான் எழுத மாட்டேன்.

அக்கா

டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். முடிச்சுகளை அறுக்கச் சொன்னது நான். வழக்கைக் கைவிட்டார்கள். அனுமதி தொடரும். முடிச்சைத் துறை ஆட்கள் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அத்தானின் கூடையை டிரைவர் கொண்டுவருவார்.

பதவி உயர்வு இல்லை. மரக்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், திங்கட்கிழமை கிளம்புகிறேன். உப்பைத் தின்றவன் நான்தான், தண்ணீர் குடிக்கிறேன். நேரில் வந்து சொல்ல முகமில்லை. இன்னும் கோபமா?

தம்பி

டிசம்பர் 12

தம்பி ராசா,

முகமில்லையாமே, பெரிய முகம்! தைலம் தேய்ச்சேன், நல்லாக் கேட்குது. உன் அத்தான் கூடையைப் பார்த்ததும் உன்னை ஒரு மூச்சு திட்டினார். அப்புறம், அங்க அவனுக்குச் சாப்பாட்டுக்கு வழி இருக்கான்னு கேட்டார்.

செக்போஸ்ட் பக்கத்துல ஒரு நெல்லி மரம், அதுக்கடியில உட்கார்ந்துதானே ஒப்பந்தம் பேசினோம்? பேசி முடிக்கிறதுக்குள்ள பாதிக் காயை நீயே தின்னுட்டே. நேத்து அதுக்கு நான் முடிச்சு கட்டிட்டேன். மானுக்கும் விதைக்கும் தவிர யாருக்காகவும் கட்டக் கூடாதுதான். ஆனா ஏன் இந்த மரம்னு ஒருத்திகூடக் கேட்கல.

நீ வர்ற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. காய் உதிர்றதுக்குள்ள வா.

அக்கா