படிவத்தில் விட்ட பெயர்

ஆனி 14, செவ்வாய்க்கிழமை

கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் செல்வி இன்று என் முன்னால் அழுதாள். அவள் மகளுக்கு ஹட்டன் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு இடம் இல்லையாம்.

"வாக்காளர் லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான் ஸ்கூல்ல எடுப்பாங்களாம். எங்க பேரே இல்லையாம் அம்மாயி. நீங்க எழுதிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

வாக்காளர் பதிவுக்கு வருடா வருடம் கிராம சேவகர் தரும் படிவத்தில் என் பெயரை மட்டுமே எழுதினேன். குடியிருப்பவர் பெயரையும் எழுதினால் பிறகு வீட்டை விட்டுப் போகமாட்டார்கள், நகரசபை வரியும் கூடும் என்று எதிர்வீட்டுக்காரர் பயம் காட்டியிருந்தார். போன முறை கிராம சேவகருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தவளே செல்விதான். "சொந்தக்காரப் புள்ளைங்க, பாத்துட்டுப் போக வந்துருக்கு" என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

"எத்தன வருசமா இங்க இருக்கோம்னு ஒரு கடிதம் குடுங்க அம்மாயி. அப்பீல் போடலாமாம்."

கொடுத்தால் நான் கையெழுத்து வைத்த படிவமெல்லாம் பொய் என்றாகும். அஞ்சாம் வகுப்புதான் படித்தேன். ஆனாலும் என் கையெழுத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

கடிதத்தைத் தொடங்கிவிட்டேன். 'இவர்கள் என் வீட்டில் குடியிருக்கிறார்கள்' என்பது வரை எழுதியாயிற்று. அடுத்து வருடக் கணக்கை எழுத வேண்டும். கை ஓடவில்லை.