தும்பிக்கைக்குக் கட்டிய துணி

மச்சான், இன்று காலை உங்கள் வண்டியை நான்தான் கழுவினேன். அடிச்சட்டத்தில் தண்ணீரைப் பீய்ச்சியதும் ஓடைச்சேறும் டீசலும் கலந்த அந்த வாடை குப்பென்று வந்தது. வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது உங்களோடு கூடவே வருமே, அதே வாடை. குழாயை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போன மூன்று மாதத்தில் வராத அழுகை, போயும் போயும் சேற்று வாடைக்கு வந்தது.

வண்டியை வாங்க, வேறொரு தீவிலிருக்கும் ரங்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது, எனக்கோ கப்பல்துறை ஜெட்டியில் வேலை. நிறுத்தியே வைத்தால் இந்த உப்புக்காற்று தின்றுவிடும். கொடுத்துவிடலாம் என்று அக்காதான் சொன்னாள்.

பாலம் உடைந்த பிறகு ஹட் பே ஜெட்டியிலிருந்து அக்கரைக்கு அரிசியும் சிமெண்டும் கொண்டுபோக உங்கள் வண்டி ஒன்றுதான் ஓடையில் இறங்கும். தண்ணீருக்குள்ளும் இஞ்சின் மூச்சுவிட, கூரை உயரத்துக்கு ஏறி நிற்கும் அந்தக் கறுப்புக் குழாயை ஊரே தும்பிக்கை என்றது. கடல்தண்ணீர் ஏறும் ஓடை. அதனால் உங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் வண்டிக்குக் குளியல். சக்கரத்தின் உள்பக்கம், பிரேக், பட்டை ஸ்பிரிங் என்று கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போகக் கழுவுவீர்கள். அதற்கும் முன்னால் தும்பிக்கையின் வாயில் ஒரு பழைய லுங்கித் துண்டைக் கட்டுவீர்கள். திருஷ்டிக்குக் கட்டுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன், மடையன்.

உங்களுக்குக் காய்ச்சல் கண்ட அன்று நான் கழுவினேன். அந்தத் துணியை அவிழ்த்து, உள்ளே சேறு இருக்குமே என்று தண்ணீர்க் குழாயைத் தும்பிக்கைக்குள் விட்டு நன்றாகவே கழுவினேன். உங்களை அசத்திவிட வேண்டும் என்று ஆசை வேறு. மறுநாள் நீங்கள் சாவியைத் திருப்பியதும் டக்கென்று ஒரு சத்தம். அதோடு இஞ்சின் நின்றது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தீர்கள், தண்ணீர் வழிந்தது. என் முகத்தைப் பார்த்தீர்கள். டப்பாவை மூடிவிட்டீர்கள்.

அக்கா கேட்டபோது, "ஓடையில ஆழம் தெரியாம இறக்கிட்டேன், என் தப்புதான்" என்றீர்கள். மெயின்லேண்டிலிருந்து சாமான் கப்பலில் வரும்வரை வண்டி முற்றத்தில் கிடந்தது. அக்கா உங்களைத் திட்டாத வேளையில்லை. ஜெட்டியில், "அரே பாய், ஆஜ் பி நாலா மே நஹானா ஹை க்யா?" என்று, இன்றைக்கும் ஓடையில் குளியலா என்று, கேட்டுச் சிரித்தார்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லும் நீங்கள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வண்டி சரியான அன்று என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மாப்ள, வாயைக் கட்டிட்டுத் தண்ணி. அவுத்துட்டுச் சாவி. அவ்வளவுதான்."

பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நாலு வருஷத்தைக் கடத்தினேன். நீங்கள் போய்விட்டீர்கள்.

ரங்கத்துக்காரர் வந்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "இஞ்சின் மே கபி பானி கயா தா?" என்றார், எப்போதாவது இஞ்சினுக்குள் தண்ணீர் போனதா என்று. அக்கா டீயோடு நின்றிருந்தாள். இஞ்சினில் தண்ணீர் போனதில்லை என்றால் அது பொய். ஓடையில் போனது என்றால் உங்கள் பெயர் கெட்டது கெட்டதாகவே இருக்கும்.

"கயா தா பாய். நாலா மே நஹீ, மைனே டாலா" என்றேன், ஓடையில் இல்லை, நான்தான் விட்டேன் என்று. அக்காவிடம் திரும்பி, "நான்தான்க்கா, பைப்பை உள்ள விட்டுட்டேன். மச்சான் ஒருநாளும் தப்பா இறக்கினதில்ல" என்றேன்.

அக்கா டீயை அவர் கையில் கொடுத்தாள். "தெரியும்டா. அன்னிக்கு ராத்திரியே எங்கிட்ட உண்மையச் சொல்லிட்டாரு. 'அவன்கிட்ட கேட்டுடாதே, அப்புறம் வண்டியத் தொடவே பயப்படுவான். திட்டணும்னா என்னையே திட்டிக்கோ'ன்னாரு."

பாவி மனுஷா, ஒரே ஒருதரம் என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இன்றைக்கு அந்தத் திட்டுக்குத்தான் ஏங்குகிறேன்.

இப்படித் துருவில்லாத அடிச்சட்டத்தை இந்தத் தீவுகளில் பார்த்ததே இல்லை என்றார் வந்தவர். வண்டியை எடுத்துக்கொண்டார். சாவியைக் கொடுக்கும் முன் தும்பிக்கைக்குத் துணி கட்டிக் காட்டினேன். நீங்கள் சொன்னதை இந்தியில் சொன்னேன், அவ்வளவு நன்றாக இல்லை. என் பழைய சட்டையைக் கிழித்து அவருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். உங்கள் லுங்கித் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அதை மட்டும் துவைக்கவில்லை மச்சான். துவைத்தால் அந்த வாடை போய்விடும்.